பேரன் பெயர் மறந்துபோச்சு... பழைய பாட்டு மட்டும் எப்படி மறக்கல? அல்சைமரும் இசையும்

காலையில் என்ன சாப்பிட்டார் என்பது தாத்தாவுக்கு நினைவில்லை. பேரன் பெயரும் வரமாட்டேங்குது. ஆனால் பழைய பாட்டு ஒன்றைப் போட்டால், சரணம் வரைக்கும் கூடவே பாடுகிறார். இது எப்படி?

95 வயதில் மேடையேறியவர்

அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டுக்கு 2016-ல் அல்சைமர் கண்டறியப்பட்டது. குடும்பத்தினர் அதை 2021-ல்தான் வெளியே சொன்னார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 3, அவரது 95-வது பிறந்தநாள். அன்று நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் லேடி காகாவுடன் மேடையேறிப் பாடினார். 2023-ல் காலமானார்.

மூளையில் என்ன நடக்குது?

அல்சைமர் ஆரம்பத்திலேயே பாதிப்பது ஹிப்போகேம்பஸ் பகுதியை. புது நினைவுகளைப் பதிவு செய்வது இதுதான். ஆனால் பழகிய பாட்டு மூளையின் ஒரே இடத்தில் இருப்பதில்லை. கேட்பது, தாளம், வாயசைவு, உணர்ச்சி எனப் பல பகுதிகள் சேர்ந்துதான் அதை வைத்திருக்கின்றன.

ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, நெடுநாள் பழகிய இசையோடு தொடர்புடைய பகுதிகள் அல்சைமரில் ஓரளவு தப்பிப் பிழைக்கின்றன என்கிறது.

பார்க்கின்சன் நோய்க்கும் உதவுமா?

பார்க்கின்சன் வந்தவர்களில் சிலருக்கு, நடக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடும். சீரான தாளம் காதில் விழுந்தால், அதற்கேற்ப அடுத்த அடியை எடுத்து வைப்பது பலருக்கு எளிதாகிறது. இதை நடைப்பயிற்சி சிகிச்சையிலும் பயன்படுத்துகிறார்கள்.

அப்போ இசைதான் மருந்தா?

இல்லை. மறதி நோயில் மனச்சோர்வு குறைய இசை உதவலாம். ஆனால் போன நினைவாற்றலை அது திருப்பித் தராது. அதனால் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* 10 முதல் 30 வயதுக்குள் கேட்ட பாட்டுதான் ஆழமாகப் பதியும். இப்போ 80 வயது என்றால், 1960-களின் பாட்டைத் தேடிப் போடுங்க.

* டிவியை அணைச்சிடுங்க. நடுவில் விளம்பரம் வந்தால் குழம்பிப் போவாங்க.

* முகத்தைக் கவனிங்க. எரிச்சலோ அழுகையோ தெரிந்தால் உடனே நிறுத்திடுங்க.

* 'இது யார் பாடினது, சொல்லுங்க' என்று பரீட்சை வைக்காதீங்க. பதில் வராவிட்டால் அவங்க மனசு உடைஞ்சிடும். பதிலாக, கூடச் சேர்ந்து பாடுங்க.

உங்க பெயரை அவங்க இன்னைக்கும் சொல்லாமல் போகலாம். ஆனால் நீங்க பல்லவியை எடுத்துக் கொடுத்தால், அடுத்த வரி அவங்ககிட்ட இருந்து வரலாம். அந்த மூணு நிமிஷம் ரெண்டு பேரும் ஒரே இடத்தில் இருப்பீங்க.