யாரும் பார்க்காத முகத்துக்கு ஊரெல்லாம் மாலை!

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படிகள். வருஷத்துக்கு எத்தனை நாளோ, அத்தனை படி. 1960-ல்தான் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்த ஊர்.

முத்துசாமி தீட்சிதர் தமது முதல் கீர்த்தனையைப் பாடியது இங்கேதான் என்பார்கள். கிழவர் ஒருவர் வந்து, "வாயைத் திறப்பா" என்றாராம். நாக்கில் கற்கண்டைப் போட்டாராம். அப்புறம் ஆளைக் காணோமாம்! வந்தது முருகனேதான் என்று மாயாமாளவகௌளை ராகத்தில் பாட ஆரம்பித்தார் தீட்சிதர்.

சரி, அந்தத் தீட்சிதர் பார்க்க எப்படி இருந்தார்? யார் கண்டது! அவர் காலமானது 1835-ல். போட்டோ பிடிக்கும் வித்தை உலகத்துக்குத் தெரிய வந்ததே 1839-ல்தான்.

ஆனால் சபாக்களிலும், பாட்டு வாத்தியார் வீட்டுச் சுவரிலும் வீணையும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாரே, அது யார்?

வித்வானே ஓவியர்

அந்த முகத்தைக் கொடுத்தவர் எஸ்.ராஜம் (1919-2010). தியாகராஜர், சியாமா சாஸ்திரி படங்களும் இவர் கைவண்ணமே. வீணை பாலசந்தரின் அண்ணன். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அஜந்தா பாணியில் மனசைப் பறிகொடுத்தவர். வானொலியில் வேலை. சின்ன வயசில் 'சீதா கல்யாணம்' படத்தில் ராமர் வேஷம் வேறு!

எல்லாவற்றுக்கும் மேலே, அவரே கச்சேரி செய்கிற வித்வான். பாடுகிறவன் எப்படி உட்காருவான், கண் எங்கே போகும் என்பதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆளைப் பார்க்காவிட்டால் என்ன, தொழில் தெரியுமே!

ஓவியர் மாலிக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. 1930-களில் 'ஆனந்த விகட'னுக்காக அவர் வரைந்த வித்வான்கள் எதிரே மேடையிலேயே இருந்தார்கள். கோணுகிற வாய், பறக்கிற கை எல்லாம் நாலே கோட்டில் விழுந்துவிடும். அவர் வழியில் வந்த கோபுலு, 'தில்லானா மோகனாம்பாள்' தொடரில் நாயனக்காரரையும் நாட்டியக்காரியையும் உயிரோடு உலவவிட்டார்.

மாலியின் படத்தைப் பார்த்து, "அட, அவரேதான்!" என்று சிரித்தார்கள். ராஜத்தின் படத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். இது கற்பனை முகம் என்று சொன்னால் நம்பாதவர்களும் உண்டு.

தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தது தீபாவளி நாளில். அன்றைக்குப் பல வீடுகளில் மாலை விழுவது ராஜம் வரைந்த முகத்துக்கு, அல்லது அதைப் பார்த்து இன்னொருவர் வரைந்த முகத்துக்கு.