சுவர்ப் பெட்டியின் கதை

பொழிச்சலூர்த் தெருக்களில் மாலை வேளையில் நடந்து செல்வோர் மருந்துக் கடையிலும் தையற்கடையிலும் வீட்டுக் கூடங்களிலும் ஒரு சிறு பெட்டியைக் காணலாம். அது சுவரிற் பொருத்தப்பட்டிருக்கும். அதன் முகத்தில் விளக்குகள் மின்மினிபோல் மின்னும். அதனை ரவுட்டர் என்பர். தமிழில் திசைவி எனலாம். அஞ்சல் நிலையத்தில் கடிதங்களின் முகவரியைப் பார்த்துப் பிரித்து அனுப்பும் ஊழியர் செய்யும் பணியையே அப்பெட்டி செய்கின்றது. இணையத்தின் வழியே செல்லும் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தன் முகவரியைத் தாங்கி வரும். அவற்றை நோக்கி, உரிய கருவிக்கு உரிய பொட்டலத்தைச் சேர்ப்பதே திசைவியின் தொழில்.

இன்று எளிதாகக் கிடைக்கும் இவ்வசதி முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எளியோர்க்கு எட்டாக் கனியாக இருந்தது. என் இளமையில் தொலைபேசி இணைப்பு வேண்டி விண்ணப்பித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோர் பலரை யான் அறிவேன். அந்நிலையை மாற்ற நம் சென்னையில் நிகழ்ந்த முயற்சி ஒன்றினை ஈண்டுக் காண்போம்.

பொழிச்சலூரை அடுத்து ஓடும் அடையாறு, கிழக்கு நோக்கிச் சென்று கடலை அடைகின்றது. அவ்வாறு செல்லும் வழியில், அதன் தென்புறத்தே, மரங்கள் அடர்ந்த வளாகத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைந்துள்ளது. அங்கே மின்பொறியியற் பேராசிரியராக விளங்கிய அசோக் ஜுன்ஜுன்வாலா என்பாரும், பாஸ்கர் இராமமூர்த்தி, திமோத்தி கொன்சால்வசு முதலிய ஆசிரியர்களும் கூடி ஓர் ஆய்வுக் குழுவை நடத்தினர். அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட வினா, 'கருவியை எவ்வாறு இயற்றுவது?' என்பதன்று, 'எவ்விலைக்கு விற்றால் மக்கள் வாங்க இயலும்?' என்பதே.

அவர்தம் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். 1990களில் ஒரு தொலைபேசி இணைப்பை அமைக்க ஏறத்தாழ 30,000 ரூபாய் செலவாயிற்று. முதலுக்குரிய வட்டி, தேய்மானம், பராமரிப்பு ஆகியவற்றிற்கு ஆண்டுதோறும் அதில் மூன்றில் ஒரு பங்கு வேண்டும் எனக் கொள்வோம். அஃது ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஆகும். திங்களுக்கு 800 ரூபாய்க்கும் மேல். அக்காலத்தில் அத்தொகையைத் திங்கள்தோறும் தரவல்ல குடும்பங்கள் மிகச் சிலவே. அமைப்புச் செலவை 10,000 ரூபாயாகக் குறைத்தாலோ, திங்களுக்கு ஏறத்தாழ 280 ரூபாய் போதும். எனவே, விலையை மூன்றில் ஒன்றாக்குதலே அவர்கள் கருவிக்கு வகுத்துக்கொண்ட முதல் இலக்கணமாயிற்று.

செலவின் பெரும்பகுதி எங்கே சென்றது? நிலையத்திலிருந்து வீடு வரை நிலத்தைத் தோண்டிப் புதைக்கும் செப்புக் கம்பிக்கே சென்றது. ஆதலின் கம்பியை நீக்கி, வானொலி அலைகளின் வழியே வீட்டை அடைய எண்ணினர். அக்கழகத்தின் பழைய மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் என்னும் நிறுவனம் அவர்களுடன் கைகோத்தது. இவ்வாறு உருவான 'கார்டெக்ட்' என்னும் அமைப்பு, 1990களின் பிற்பகுதியில் பயனுக்கு வந்தது.

அதன் இயக்கம் எளிதில் விளங்கத்தக்கது. உயர்ந்த கோபுரத்தில் ஓர் அலைபரப்பி நிற்கும். இடையில் மறைப்பு இல்லையாயின் 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வீட்டையும் அதன் அலைகள் எட்டும். வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி இருக்கும். அதில் தொலைபேசிக்கு ஒரு துளையும் கணிப்பொறிக்கு ஒரு துளையும் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையத்தையும் பயன்படுத்தலாம்; பேச்சு இல்லாதபோது வேகம் 70 கிலோபிட் ஆகும். நம் நாட்டு வெப்பத்தைக் குளிர்சாதனமின்றித் தாங்குமாறும் அவ்வமைப்பை ஆக்கியிருந்தனர்.

பொருளை ஆக்கினால் மட்டும் போதுமோ? அது மக்கள் கைக்குச் சேர வேண்டுமன்றோ? இதற்கென 'என்-லாக்' என்னும் நிறுவனம் தோன்றியது. அது வட்டாரந்தோறும் ஒரு தொழில்முனைவோரைக் கூட்டாளியாகக் கொண்டது. அவர் ஊர்தோறும் ஒருவரைத் தேர்ந்து இணைய நிலையம் நடத்தச் செய்தார். சுவர்ப் பெட்டி, கணிப்பொறி, அச்சுப்பொறி, மின்கலம், தமிழ் மென்பொருள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50,000 ரூபாய். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியில் 2001-ஆம் ஆண்டு முதல் இத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன. கண்ணோய் உற்றோரின் கண்களை அங்கேயே படமெடுத்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி அறிவுரை பெற்றனர். பேருந்தேறி நகருக்குச் செல்வது தேவைதானா என்பதைத் தம் ஊரிலிருந்தே அறிய முடிந்தது சிறு பேறன்று.

எனினும், இம்முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை என்பதையும் மறைத்தல் தகாது. நொடிக்கு 70 கிலோபிட் என்பது ஒரு பக்கத் தமிழ் எழுத்தை அனுப்பப் போதும். அசையும் படங்களுக்குப் போதாது. கைப்பேசியோ விரைவில் மலிந்து, ஊரெங்கும் பரவியது. வரவு செலவுக்கு ஈடாகாமல் மேலூர் நிலையங்களிற் பல மூடப்பட்டன. காலம் விரையும் துறையில் நேற்றைய நற்கருவி இன்று பழம்பொருளாதல் இயல்பே.

அவ்வாறாயின் அம்முயற்சி வீணோ? அன்று. நம் நாட்டார்க்கு ஏற்ற கருவியை நம் நாட்டிலேயே வகுக்கலாம் என்னும் துணிவை அது தந்தது. ஜுன்ஜுன்வாலா 2002-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஆய்வுக்கூடமும் தொழிற்கூடமும் அருகருகே இயங்க வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்று, அக்கழகத்தின் ஆய்வுப் பூங்கா தரமணியில் எழுந்தது.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் இத்தகைய கருவிகளை இயற்றலாம், சிலர் விற்கலாம். சிறு கடைக்காரர்க்கு அப்பெட்டி ஒருநாள் ஓய்ந்தால் அன்றைய வாணிகமே ஓய்ந்துவிடும். ஆதலின் வரைபடத்தைக் கையில் எடுப்பதற்கு முன், அதனை வாங்கப்போகும் எளியவரின் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். அவர் வீட்டு வெயிலையும் மின்தடையையும் திங்கள் வருவாயையும் அறிந்துகொள்ளுங்கள். அவ்வறிவோடு இயற்றிய கருவியே மக்களுக்கு உற்ற துணையாகும்.