ஓசியா, உரிமையா? நலத்திட்டம் என்றாலே ஏன் இவ்வளவு சண்டை?

2022 செப்டம்பர் மாதக் கடைசி. கோவையில் ஓர் அரசு டவுன் பஸ். "ஓசியில வரமாட்டேன், காசை வாங்கிட்டு டிக்கெட் கொடுங்க" என்ற ரீதியில் ஒரு வயதான பெண் கண்டக்டரிடம் பிடிவாதம் பிடிக்கிறார். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று கண்டக்டர் எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை. அந்த வீடியோ தமிழ்நாடு முழுக்க வைரலானது.

அது திட்டமிட்டு எடுக்கப்பட்ட வீடியோ என்றது ஆளும் தரப்பு. மக்களின் கோபம் என்றது எதிர்த்தரப்பு. எது எப்படியோ, அதற்குத் தீ வைத்தது ஒரே ஒரு வார்த்தைதான். அதற்குச் சில நாட்கள் முன்பு, அப்போதைய அமைச்சர் பொன்முடி ஒரு நிகழ்ச்சியில், பெண்கள் பஸ்ஸில் 'ஓசி'யில் போவதாகப் பேசியிருந்தார். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அவர் வருத்தம் தெரிவித்தார்.

திட்டம் அதேதான், பஸ்ஸும் அதேதான். ஒரு சொல் மாறியதும் ஏன் இவ்வளவு கோபம்? நலத்திட்டங்களை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்விதான் சரியான இடம்.

பெயரில் என்ன இருக்கிறது?

அரசு கொடுப்பதற்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. இலவசம், விலையில்லாப் பொருள், மானியம், ஊக்கத்தொகை, உதவித்தொகை, சலுகை, உரிமைத்தொகை. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

விவசாயிக்கு உரம் மலிவாகக் கிடைத்தால் மானியம். தொழிற்சாலைக்கு வரி குறைந்தால் ஊக்கம். ஏழைக் குடும்பத்துக்கு மிக்சி கிடைத்தால் இலவசம். 2011-ல் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. அரசு, 'இலவசம்' என்பதைத் தவிர்த்து 'விலையில்லா' என்ற சொல்லைப் பயன்படுத்தியது. மாதம் 1,000 ரூபாய் திட்டத்துக்கு தி.மு.க. அரசு 'மகளிர் உரிமைத்தொகை' என்று பெயர் வைத்தது. வாங்குபவரின் சுயமரியாதை எவ்வளவு முக்கியம் என்பது கட்சிகளுக்கு நன்றாகத் தெரியும்.

'ஓசி' என்ற சொல் அந்த இடத்தில்தான் சுட்டது. 'அரசு எனக்காகச் செய்கிறது' என்று நினைத்து பஸ் ஏறிய பெண்ணை, 'பிச்சை வாங்குகிறாய்' என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது.

இது எப்போது தொடங்கியது?

இலவச டிவியில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று பலர் நினைக்கிறார்கள். கதை அதைவிட ரொம்பப் பழசு.

• 1920: நீதிக்கட்சியின் காலத்தில், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்களுக்கு உணவு தரும் முயற்சி.

• 1956: முதல்வர் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம்.

• 1967: ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதியுடன் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது.

• 1982: எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம்.

• 2006: தி.மு.க. தேர்தல் அறிக்கையில் இலவச கலர் டிவி.

• 2011: அ.தி.மு.க. அரசின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, லேப்டாப், ஆடு, மாடு.

• 2021: மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம்.

• 2023: செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத்தொகை தொடக்கம்.

இதில் 1982-ஐக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சத்துணவு வந்தபோது 'ஓட்டுக்காகச் செய்கிறார்', 'கஜானா தாங்காது', 'வாத்தியார் பாடம் நடத்துவாரா, சோறு போடுவாரா' என்றெல்லாம் விமர்சனம் எழுந்தது. ஆனால் 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, நாடு முழுக்க அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று அதை 'இலவசம்' என்று யாரும் திட்டுவதில்லை.

ஆக, ஒரு தலைமுறைக்கு இலவசமாகத் தெரிந்தது அடுத்த தலைமுறைக்கு உரிமையாகிவிடலாம். அதற்காக எல்லா இலவசமும் அப்படி ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. கலர் டிவியைப் பள்ளிச் சாப்பாட்டோடு யாரும் ஒப்பிடுவதில்லை.

மக்கள் மனநிலை என்ன?

ஒரே வீட்டிலேயே இரண்டு கருத்து இருக்கும். "எல்லாத்தையும் சும்மா கொடுத்தா எவன் வேலைக்குப் போவான்?" என்று கேட்பவரும், ரேஷன் கடையில் அரிசி வாங்க வரிசையில் நிற்பவரும் பல நேரங்களில் ஒரே ஆள்தான்.

2018 நவம்பரில் விஜய் நடித்த 'சர்கார்' படம் வந்தபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அரசு கொடுத்த மிக்சி, கிரைண்டரைத் தீயில் போடும் காட்சிக்கு அ.தி.மு.க.வினர் கடும் எதிர்ப்பு தெரிவித்தார்கள். காட்சி நீக்கப்பட்டது. அதன்பிறகு, வீட்டிலிருந்த அரசு லேப்டாப்பையும் மிக்சியையும் உடைத்து சிலர் வீடியோ போட்டார்கள். உடைப்பவனுக்கு அது வெறும் பொருள். அதை வைத்துப் படித்து வேலைக்குப் போனவனுக்கு அப்படியில்லை என்று மறுபக்கம் பதில் வந்தது.

எதிர்ப்புக்குப் பின்னால் பொதுவாக மூன்று குரல்கள் உண்டு.

ஒன்று, "என் வரிப்பணம்". வருமான வரி கட்டும் நடுத்தரக் குடும்பங்கள் அடிக்கடி சொல்வது. ஆனால் சோப்பு, ரீசார்ஜ், செருப்பு போன்றவற்றை வாங்கினால் ஜி.எஸ்.டி. உண்டு. வரி கட்டாத ஏழை என்று ஒருவர் கிடையாது.

இரண்டு, "சோம்பேறி ஆக்குறாங்க". இதை ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் மூன்று ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு, வளரும் நாடுகள் 6-ல் நடந்த 7 பண உதவித் திட்டங்களை அலசியது. பணம் வாங்கியதால் மக்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இந்தியத் திட்டம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்று, "எனக்கு ஏன் இல்ல?" இதுதான் அதிகம் வலிக்கும் குரல். மகளிர் உரிமைத்தொகைக்கு 2023-ல் வந்தவை சுமார் 1.63 கோடி விண்ணப்பங்கள். முதலில் தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடி பேர். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், மின்சாரப் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள் என நிபந்தனைகள் இருந்தன. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மெசேஜ் வந்து, தனக்கு வராதபோது, திட்டத்தின் மீதே வெறுப்பு வருகிறது. இலவசத்தை எதிர்ப்பதாகத் தெரியும் கோபத்தில் ஒரு பகுதி, உண்மையில் விடுபட்டவர்களின் கோபம்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இலவச டிவி அறிவிப்பை எதிர்த்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்துதான் உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஜூலை 5-ல் நீதிபதிகள் சதாசிவம், ரஞ்சன் கோகோய் அமர்வு தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி சட்டப்படி 'ஊழல் நடவடிக்கை' ஆகாது. ஆனால் இலவசங்கள் நியாயமான தேர்தலின் வேரையே அசைக்கின்றன என்றது. தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. நெறிமுறையும் வந்தது, வாக்குறுதிகள் மட்டும் குறையவில்லை.

2022-ல் விவகாரம் மீண்டும் கோர்ட்டுக்கு வந்தது. எது நலத்திட்டம், எது இலவசம் என்று எப்படிப் பிரிப்பது என்ற சிக்கலான கேள்வியுடன், ஆகஸ்ட் 26-ல் அது மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2025 பிப்ரவரியில் வேறொரு வழக்கில், இலவசங்கள் மூலம் ஓர் 'ஒட்டுண்ணி' வர்க்கத்தை உருவாக்குகிறோமா என்று நீதிபதி பி.ஆர்.கவாய் வாய்மொழியாகக் கேட்டார். அது வீடில்லாத நகர்ப்புற ஏழைகளுக்கான தங்குமிடம் பற்றிய வழக்கு என்பதால் விமர்சனமும் கிளம்பியது.

கட்சிகள் எந்தப் பக்கம்?

2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் பேசிய பிரதமர் மோடி, ஓட்டுக்காக மிட்டாய் பங்கிடுவதைப்போல இலவசங்களைத் தரும் கலாசாரம் நாட்டுக்கு ஆபத்து என்றார். தி.மு.க., ஆம் ஆத்மி போன்ற கட்சிகள் எதிர்த்தன. ஆனால் அடுத்த ஆண்டே பா.ஜ.க. ஆளும் மத்தியப் பிரதேசத்தில் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் திட்டம் வந்தது. மகாராஷ்டிராவில் 1,500 ரூபாய். 2025 டெல்லி தேர்தலில் பா.ஜ.க. 2,500 ரூபாய் வாக்குறுதி தந்தது. காங்கிரஸ் ஆளும் கர்நாடகாவில் 2,000 ரூபாய்.

தமிழ்நாட்டில் 2021 மார்ச்சில் தி.மு.க. 1,000 ரூபாய் என்று அறிவித்த மறுநாளே அ.தி.மு.க. 1,500 என்றது. அடுத்தவர் கொடுத்தால் இலவசம், நாம் கொடுத்தால் நலத்திட்டம் என்பதில் மட்டும் எல்லாக் கட்சிகளுக்கும் ஒரே கொள்கைதான்.

பணத்துக்கு எங்கே போவது?

இங்கே விமர்சகர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. 2025-26 பட்ஜெட்டில் மகளிர் உரிமைத்தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி ரூபாய். மாநில அரசின் மொத்த வருவாய் வரவு சுமார் 3.31 லட்சம் கோடி. அதாவது 100 ரூபாய் வருமானத்தில் 4 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல்.

தாங்கக்கூடிய தொகைபோலத் தெரியும். ஆனால் அதே பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 41,635 கோடி. 2026 மார்ச் முடிவில் கடன் நிலுவை சுமார் 9.3 லட்சம் கோடி இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் வீட்டில் ஒவ்வொரு புதுச் செலவுக்கும் கேள்வி வரத்தான் செய்யும். இலவச மின்சாரம், இலவசப் பயணம், மாதத் தொகை போன்றவை பள்ளி, மருத்துவமனை, சாலைக்கான பணத்தைச் சாப்பிட்டுவிடலாம் என்று 2024 டிசம்பர் அறிக்கையில் ரிசர்வ் வங்கியும் மாநிலங்களை எச்சரித்தது.

ஆதரிப்பவர்கள் இன்னொரு கணக்கைக் காட்டுகிறார்கள். 2019 செப்டம்பரில் மத்திய அரசு நிறுவன வரியைக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே சொன்னது. 'அதை ஏன் யாரும் ஓசி என்று சொல்லவில்லை?' என்பது அவர்கள் கேள்வி. முதலீடும் வேலையும் பெருகவே வரி குறைக்கப்பட்டது என்பது அரசின் பதில். பஸ் திட்டத்துக்கும் அதே வாதம் பொருந்தும். மாநிலத் திட்டக்குழு ஆய்வின்படி ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது. பஸ் காசு மிச்சமானால் கொஞ்சம் தூரத்தில் கிடைக்கும் வேலைக்கும் போகலாம்.

சரி, ஒரு திட்டத்தை எப்படி எடைபோடுவது?

அடுத்த தேர்தல் அறிக்கையைப் படிக்கும்போது இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. ஒருமுறை செலவா, மாதாமாதம் செலவா? ஒரு முறை வாங்கித் தரும் பொருளின் செலவு அத்தோடு முடியும். மாதத் தொகையை நிறுத்த எந்த அரசுக்கும் தைரியம் வராது.

2. பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லியிருக்கிறார்களா? புது வரியா, கடனா, வேறு திட்டத்தில் வெட்டா?

3. யார் விடுபடுகிறார்கள்? நிபந்தனை போட்டால் செலவு குறையும். ஆனால் ஒரு சான்றிதழ் இல்லாததால் உண்மையான ஏழையும் வெளியே நிற்பார்.

4. பத்து வருடம் கழித்து என்ன மிஞ்சும்? படித்த பிள்ளையா, பழைய பொருளா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத திட்டத்தை எதிர்க்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கேட்க வேண்டிய இடம் கோட்டை, கட்சி அலுவலகம், தேர்தல் மேடை. காலையில் வீட்டு வேலைக்கோ மார்க்கெட்டுக்கோ போக டவுன் பஸ் படியில் கால் வைக்கும் பெண், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. அவர் கையில் இருக்கும் கட்டணமில்லா டிக்கெட்டுக்கான பணத்தில், அவர் வாங்கிய சோப்புக்குக் கட்டிய வரியும் இருக்கிறது.