மட்டையின் எடையும் கையின் உணர்வும்

மலேசியத் தமிழர்களுக்கும் பூப்பந்துக்கும் உள்ள உறவு நேற்று இன்று தோன்றியதன்று. 1970ஆம் ஆண்டு எடின்பரோ காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஆடவர் இரட்டையர் தங்கத்தை வென்றவர் பஞ்ச் குணாளன். மறு ஆண்டே இங் பூன் பீயுடன் இணைந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தையும் அவர் கைப்பற்றினார். அரை நூற்றாண்டுக்குப் பின், 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் எம். தினா, பியர்லி தானுடன் சேர்ந்து மகளிர் இரட்டையர் தங்கத்தை வென்றார்.

இந்த இரு வெற்றிகளுக்கும் இடையில் ஆட்டம் மாறியது போலவே மட்டையும் மாறிவிட்டது. மரச்சட்ட மட்டைகள் 100 கிராமைத் தாண்டி நின்றன. இன்றைய கார்பன் மட்டைகளோ பெரும்பாலும் 90 கிராமுக்குள் அடங்கிவிடுகின்றன. எடை குறையக் குறைய ஒவ்வொரு கிராமின் மதிப்பும் கூடுகிறது. அதை அறியாமல் நம் மாணவர்கள் பலர், விலை கூடினால் ஆட்டமும் கூடும் என்று நம்பிப் பெற்றோரின் பல நூறு ரிங்கிட்டைச் செலவழிக்கிறார்கள். பிறகு தோள்வலியோடு வந்து நிற்கிறார்கள். ஆகவே, ஒரு மட்டையை எப்படி அறிவது, எப்படி நம் கைக்கேற்ப மாற்றுவது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறேன்.

மட்டையில் எழுதியிருப்பது என்ன?

மட்டையின் கூம்புப் பகுதியில் 4யு, ஜி5 போன்ற குறியீடுகளைக் காணலாம். முதலாவது எடையைக் குறிக்கும். 3யு என்றால் 85 முதல் 89 கிராம். 4யு என்றால் 80 முதல் 84 கிராம். 5யு என்றால் 75 முதல் 79 கிராம். இது நரம்பு கட்டாத மட்டையின் எடை. இரண்டாவது குறியீடு கைப்பிடியின் பருமனைக் காட்டும். யோனெக்ஸ் மட்டைகளில் இந்த எண் கூடினால் பிடி மெலிந்திருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரே 4யு முத்திரை உள்ள இரு மட்டைகளுக்கிடையே 4 கிராம் வரை வேறுபாடு இருக்கலாம். கிளேபாங்கில் எங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் என் இரண்டு மட்டைகளையும் நிறுத்துப் பார்த்தேன். ஒரே ரகம், ஒரே முத்திரை. நரம்பும் கிரிப்பும் சேர்ந்து ஒன்று 88 கிராம், மற்றொன்று 92 கிராம் காட்டியது.

சமநிலைப் புள்ளி

அடிக்கோலை நிமிர்த்திப் பிடித்து, அதன் விளிம்பில் மட்டையைக் கிடத்துங்கள். அது எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடமே சமநிலைப் புள்ளி. பிடியின் அடிமுனையிலிருந்து அந்த இடம் வரை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். ஏறத்தாழ 285 முதல் 295 மில்லிமீட்டர் வரை இருந்தால் நடுத்தரம்; அதற்கு மேல் தலைப்பாரம்; அதற்குக் கீழ் தலை இலேசு.

இரப்பர்த் தோட்டத்தில் காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளிகளைச் சுமந்த நம் தாத்தா பாட்டிக்கு இந்தப் பாடம் தேவைப்பட்டிருக்காது. ஒரு வாளியில் பால் கூடினால் கம்பின் அந்தப் பக்கத்தைத் தோளுக்கு நெருக்கிக்கொள்வார்கள். மட்டையின் சமநிலைப் புள்ளியும் அப்படித்தான், பாரம் கூடிய பக்கத்தை நோக்கி நகரும்.

தராசும் அடிக்கோலும் சொல்லாதது

பலரும் இத்துடன் நின்றுவிடுகிறார்கள். ஆனால், ஆடும்போது நாம் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பதில்லை, வீசுகிறோம். ஒரு சுத்தியலை அதன் பிடியைப் பற்றி ஆட்டுங்கள். பிறகு இரும்புத் தலையைப் பற்றி ஆட்டுங்கள். எடை ஒன்றுதான், வீசுவதற்கான உழைப்பு வேறு. இதை வீச்சு எடை எனலாம். ஆறாம் படிவ இயற்பியலில் ‘மோமென் இனர்சியா’ என்று படித்தவர்களுக்கு இது பழைய நண்பர். கையிலிருந்து உள்ள தூரத்தை அதே தூரத்தால் பெருக்கி, எடையாலும் பெருக்க வேண்டும். தூரம் இரு மடங்கானால் விளைவு நான்கு மடங்காகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 88 கிராம் எடையும் 295 மில்லிமீட்டர் சமநிலையும் உள்ள மட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் பிடியில் 5 கிராம் கிரிப் ஒன்றைக் கூடுதலாகச் சுற்றினால், சமநிலைப் புள்ளி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கீழே இறங்கும். அதற்குப் பதிலாகத் தலை உச்சியில் 1 கிராம் ஈய நாடா ஒட்டினால், புள்ளி ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான் மேலே ஏறும். அடிக்கோலை மட்டும் நம்பினால் கிரிப்பே பெரிய மாற்றத்தைச் செய்ததாகத் தோன்றும்.

வீச்சு எடை வேறு கதை சொல்கிறது. உச்சி, கையிலிருந்து சுமார் 57 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே அந்த 1 கிராம் சேர்ப்பது 57 பெருக்கல் 57, அதாவது 3,249. கிரிப் முழுவதும் கையைச் சுற்றி 10 சென்டிமீட்டருக்குள் இருப்பதால், அதன் 5 கிராமும் சேர்ந்து 500ஐத் தாண்டாது. கிரிப் சுற்றிய மட்டை எண்ணளவில் தலை இலேசாகிவிட்டது, ஆனால் வீசும்போது முன்பிருந்த அதே மட்டைதான். உச்சியில் ஒட்டிய 1 கிராமை நம் மணிக்கட்டு உடனே கண்டுகொள்ளும். செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் ஏறியதும் கம்பு கனப்பதும் இதனால்தான்.

டென்னிஸ் வீரர் பீட் சாம்ப்ராஸ் தம் மட்டையில் ஈய நாடா ஒட்டி எடையைக் கூட்டி ஆடியவர். டென்னிஸ் மட்டை 300 கிராம் அளவில் இருப்பதால் அது பல கிராமைத் தாங்கும். பூப்பந்து மட்டைக்கு அரை கிராமில் தொடங்குவதே நல்லது.

நரம்பும் தண்டும்

கைக்குக் கிடைக்கும் உணர்வில் பெரும்பங்கு நரம்பினுடையது. தேர்ந்த வீரர்கள் 30 பவுண்டு அளவில் கட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டு நம்மவர்களும் அப்படியே கேட்கிறார்கள். இறுக்கம் கூடினால் பந்தைத் துல்லியமாக அனுப்பலாம் என்பது உண்மை. ஆனால், பந்து நன்றாக எகிறும் நடுப்பகுதி சுருங்கிவிடும். நரம்பு தரும் உந்துதல் குறைய, அந்த வேலை தோளுக்கு வந்து சேரும். வார இறுதியில் ஆடுவோருக்கு 22 முதல் 24 பவுண்டு போதும். சட்டத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை ஒருபோதும் மீறக்கூடாது.

தண்டின் விறைப்பும் அப்படியே. மெதுவாக வீசுபவருக்கு வளையும் தண்டு துணை செய்யும். வேகமாக வீசுபவருக்கு விறைத்த தண்டு குறி தவறாமல் அனுப்ப உதவும்.

ஒப்பிடுவது எப்படி?

இரு மட்டைகளை ஒப்பிடும்போது நரம்பு, இறுக்கம், கிரிப் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் நாம் ஒப்பிடுவது நரம்பைத்தான், மட்டையை அல்ல. முதலில் நிறுங்கள், அடுத்துச் சமநிலையை அளந்து எழுதுங்கள். பின்னர்க் கண்ணை மூடிக்கொண்டு, நண்பர் மாற்றி மாற்றித் தரும் மட்டைகளை வீசிப் பாருங்கள். பெயரும் விலையும் கண்ணுக்குத் தெரியாதபோது கை பொய் சொல்லாது. மாற்றம் செய்வதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, குறைந்தது இரண்டு வாரம் ஆடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

இரட்டையர் ஆட்டத்தில் வலை அருகே விரைந்து தடுப்பவருக்கு வீச்சு எடை குறைந்த மட்டை பொருந்தும். பின்னால் நின்று அடித்து நொறுக்குபவருக்குச் சற்றுக் கூடியது பொருந்தும். இரண்டில் எது தமக்கு என்பதை விலைச்சீட்டு சொல்லாது.

புதிய மட்டைக்குக் கடை ஏறுமுன், கையில் இருக்கும் மட்டையை ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். ஒரு துண்டு ஈய நாடாவும், இரண்டு பவுண்டு தளர்த்திக் கட்டிய நரம்பும் நீங்கள் தேடுவதைத் தந்துவிடக்கூடும். மிச்சமாகும் பணம் மண்டப வாடகைக்கு ஆகும். ஆட்டம் வளர்வது அங்கேதான்.