கறுப்பர் என்றால் 16 சதவீதம் கூடுதல்

ஐம்பது வயது ஆண்கள் இருவர். இருவருக்குமே ரத்தத்தில் கிரியேட்டினின் 3.5. சில ஆண்டுகள் முன்புவரை அமெரிக்கப் பரிசோதனைக்கூடங்களின் கணக்குப்படி, வெள்ளையர் என்றால் சிறுநீரகத்தின் திறன் 19. கறுப்பினத்தவர் என்றால் 22. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் இந்த எண்ணுக்கு இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர்.

மூன்று எண்தானே வித்தியாசம் என்று விட்டுவிட முடியாது. டயாலிசிஸுக்குப் போகாத நோயாளிக்கு, மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் அங்கே இந்த எண் 20-க்கு இறங்கிய பிறகே கணக்கில் சேரும். 19 வந்தவர் வரிசையில் நின்றுவிட்டார். 22 வந்தவரோ, சிறுநீரகம் இன்னும் கெட்ட பிறகு வர வேண்டும்.

வடிகட்டும் திறனை நேரடியாக அளப்பது சிரமமான வேலை. அதனால் தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினை வைத்து ஊகிக்கிறார்கள். 1999-இல் வெளியான சூத்திரத்துக்கான ஆய்வில், ஒரே கிரியேட்டினின் அளவில் கறுப்பின நோயாளிகளின் திறன் சராசரியாகச் சற்று அதிகம் தெரிந்தது. கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்று காரணம் சொல்லி, விடையைச் சுமார் 1.2-ஆல் பெருக்கினார்கள். 2009-இல் அது 1.159 ஆனது. எந்த நோயாளியின் தசையையும் யாரும் அளக்கவில்லை. படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். தாய் வெள்ளையர், தந்தை கறுப்பர் என்றால் பெருக்குவதா, வேண்டாமா? பல கூடங்கள் இரண்டு எண்ணையும் அச்சடித்துக் கொடுத்துவிட்டுப் பொறுப்பை மருத்துவர் தலையில் கட்டின.

இத்தனைக்கும் சிறுநீரகச் செயலிழப்பு அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரை மூன்று மடங்குக்கும் மேல் தாக்குகிறது. மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 13 சதவீதம். டயாலிசிஸ் நாற்காலிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணுவின் ஆபத்தான வடிவங்கள் ஒரு காரணம். ஆனால் அதன் இரு பிரதிகளுமே ஆபத்தான வடிவங்களாக இருப்பது கறுப்பின அமெரிக்கர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குத்தான். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், சர்க்கரை, காப்பீடு இல்லாமை, தாமதமாகக் கிடைக்கும் நிபுணர் என்று மீதிக் காரணங்கள் நீள்கின்றன. மரபணுவின் அந்த வடிவங்கள் இருக்கின்றனவா என்று ரத்தத்தில் பார்க்கலாம். தோலில் பார்க்க முடியாது.

இந்தப் பெருக்கலை விடாமல் கேள்வி கேட்டவர்களில் மருத்துவ மாணவர்கள் முக்கியமானவர்கள். பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனை 2017-லேயே அதைக் கைவிட்டது. 2021-இல் அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகளின் கூட்டுக்குழு, இனத்தை நீக்கிய புதிய சூத்திரத்தைப் பரிந்துரைத்தது. அதன்படி மேலே சொன்ன இருவருக்கும் இப்போது 20.

பெரும்பாலும் சீர்திருத்தம் இந்த இடத்தோடு நின்றுவிடும். இங்கே நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பழைய கணக்கால் இழந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு உறுப்பு மாற்று மருத்துவமனைகளுக்கு இடப்பட்ட உத்தரவு 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பழைய ரத்த அறிக்கைகளைத் தோண்டியெடுத்து, புதிய சூத்திரத்தில் போட்டு, காத்திருப்புத் தேதியை முன்தள்ளினார்கள். 2024 மார்ச் மத்திக்குள் 14,000-க்கும் மேற்பட்ட கறுப்பின நோயாளிகளுக்குச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன.

இந்தத் திருத்தம் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்தான். அந்த 22-ஐப் பார்த்துப் பட்டியலுக்கே அனுப்பப்படாமல் இறந்தவர்களுக்கு எதுவும் திரும்பவில்லை.