கோணல் பாதமும் மாவுக்கட்டும்

பாதம் உள்நோக்கி மடங்கிப் பிறக்கும் சிசுவின் பாத எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பே, ஆகவே வளைந்துகொடுக்கும். அயோவாவில் டாக்டர் இக்னாசியோ பொன்செட்டி 1940-களின் பிற்பகுதியில் வகுத்த முறைக்கு இதுவே ஆதாரம். கணுக்காலிலுள்ள தாலஸ் எலும்பின் தலையை விரலால் தாங்கி, பாதத்தை மெதுவாக வெளிப்புறம் திருப்பி, விரல் நுனியிலிருந்து தொடை வரை மாவுக்கட்டு போடுவார்கள். முழங்காலோடு நிறுத்தினால் கட்டு நழுவிவிடும். வாரம் ஒன்றாக 5 முதல் 7 கட்டுகள். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடைசியில் குதிகால் தசைநாணை வெட்டிவிடவும் வேண்டும். மூன்று வாரக் கட்டுக்குள் அது நீண்டு கூடிவிடும்.

பாதம் நேரானதும் தாய் மகிழ்ந்து வீடு திரும்புகிறாள். ஆபத்து அங்கேதான். கம்பியில் இணைத்த காலணியை மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயதுவரை தூங்கும்போதும் அணிவிக்க வேண்டும். பிள்ளை அழுகிறதென்று கழற்றிவைத்தால் (பாட்டிமாருக்குத்தான் மனம் தாங்காது) பாதம் பழையபடி மடங்கும். அப்போதும் காலம் தாழ்த்தாமல் கொண்டுவந்தால், மறுபடியும் மாவுக்கட்டிலிருந்து தொடங்கலாம்.