இழுப்பது வேறு, நிற்பது வேறு

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 2025 மே மாதம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலை ஏறத்தாழ 53 லட்சம் ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு வந்த பி.ஒய்.டி. சீல் பெர்ஃபார்மன்ஸ் மின்சாரக் காரின் அறிமுக விலையும் அதுதான். முதலாவதில் முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கின்றன. நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை 5.9 விநாடியில் தொடும். இரண்டாவதில் முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை (ஆல் வீல் டிரைவ்), 3.8 விநாடி போதும். ஏற்றுமதி ஆர்டர் நன்றாக அமைந்த ஆண்டில் கோவை அவினாசி ரோட்டு ஷோரூம்களை எட்டிப் பார்க்கும் திருப்பூர்க்காரர் இப்படிப்பட்ட இரண்டு கார்களுக்கு நடுவேதான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது அவர் காதில் விழும் வாதம் ஒன்று உண்டு: ஆல் வீல் டிரைவ் கார் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், ஆகவே பாதுகாப்பானது. முதல் பாதி ஓரளவு உண்மை. அந்த உண்மையிலிருந்து இரண்டாம் பாதி பிறக்காது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

காருக்கும் சாலைக்கும் உள்ள உறவு முழுவதும், நான்கு டயர்கள் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு இடங்களில்தான் நடக்கிறது. வேகம் கூட்டுவது, பிரேக் பிடிப்பது, திருப்புவது எல்லாவற்றுக்கும் அங்கே கிடைக்கும் உராய்வே மூலதனம். அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு திசையில் செலவழித்தால் மறு திசைக்குக் குறைந்துபோகும். பனியன் துணியை நீளவாக்கில் இழுத்துப் பிடித்துக்கொண்டே அகலவாக்கில் இழுத்தால் எவ்வளவு குறைவாக விரியும் என்பது திருப்பூரில் எல்லாக் கைகளுக்கும் தெரியும். டயரின் கணக்கும் அதே போன்றது. ஆல் வீல் டிரைவ் அந்த வரம்பை உயர்த்துவதில்லை. எஞ்சின் தரும் விசையை இரண்டு டயர்களுக்குப் பதிலாக நான்கு டயர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஈரச் சாலையில் உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொள்வோம். காரின் எடையில் பாதியைச் சற்று ஏறக்குறையத் தாங்கும் இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுத்தால், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரைதான் வேகம் கூட்ட முடியும். நான்கும் இழுத்தால் ஐந்தில் இரண்டு பங்கு. ஏறத்தாழ இரு மடங்கு! ஷோரூம்காரர் சொல்லும் 'கவ்வல்' இதுதான். அதில் பொய் இல்லை.

ஆனால் நிற்பதற்கு வாருங்கள். மிக மலிவான காரிலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்கிறது. பிரேக் பிடிக்கும் நேரத்தில் எல்லாக் கார்களும் நான்கு சக்கரக் கார்களே. பெருந்துறையிலிருந்து அவினாசி நோக்கி 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள்ளாகவே கார் 42 மீட்டர் கடந்துவிடும். அதன் பிறகு நல்ல காய்ந்த சாலையில் (கெழு 0.8) நிற்க இன்னும் 49 மீட்டர், வழுக்கும் ஈரச் சாலையில் 98 மீட்டர். வளைவிலும் இப்படியே. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றின் ஆரம் 15 மீட்டர் என்று கொண்டால், காய்ந்திருக்கும்போது மணிக்கு 39 கி.மீ., ஈரத்தில் 28 கி.மீ. என்பதே இயற்பியல் தரும் வரம்பு. இந்தச் சமன்பாடுகளில் வேகம் இருக்கிறது, உராய்வு இருக்கிறது, வளைவின் ஆரம் இருக்கிறது. எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கும் எத்தனை குதிரைத்திறன் என்பதற்கும் இடமே இல்லை.

இத்தோடு நின்றால், 'பிரேக்கில் உதவாது, இழுப்பதில் உதவும், கூடுதல் லாபம்தானே' என்று சமாதானம் அடையலாம். உண்மையான சிக்கல் இதற்கு அப்பால் இருக்கிறது. முன்சக்கர இழுவைக் காரில் ஈர சிக்னலில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே சக்கரம் சுழல்கிறது, ஸ்டீயரிங் துடிக்கிறது, டாஷ்போர்டில் விளக்கு மின்னுகிறது. சாலை வழுக்குகிறது என்ற செய்தி ஓட்டுபவரின் காலுக்கும் கைக்கும் வந்துவிடுகிறது. கோடைக்குப் பின் விழும் முதல் மழையில் தூசியும் எண்ணெயும் ரப்பர் துகளும் குழைந்து சாலைமேல் படலமாகும்போது இந்தச் செய்திக்கு விலை மதிப்பில்லை. ஆல் வீல் டிரைவ் கார் அதே இடத்தில் அலட்டிக்கொள்ளாமல் பாய்ந்து செல்லும். முன்சக்கரக் காரில் பழகிய ஓட்டுநர், பாய்ந்த வேகத்தை வைத்துச் சாலையின் பிடிமானத்தை மதிப்பிட்டால் இரு மடங்கு தவறிவிடுவார். அந்தத் தவறு வெளிப்படுவது அடுத்த வளைவிலோ, குறுக்கே திரும்பும் கம்பெனி வேனின் முன்னாலோதான்.

பாதுகாப்பு உணர்வு ஓட்டும் முறையையே மாற்றிவிடும் என்பதற்கு ஜெர்மனியின் மியூனிக் நகர டாக்சிகளில் 1980களில் நடந்த ஆய்வு புகழ்பெற்ற சான்று. ஒரே மாதிரியான டாக்சிகளில் சிலவற்றுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏ.பி.எஸ். இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. விபத்து எண்ணிக்கையில் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. ஏ.பி.எஸ். உள்ள வண்டியை ஓட்டியவர்கள் கூடுதலாகத் துணிந்து ஓட்டியது பதிவானது. அப்படியானால் எல்லாப் பாதுகாப்புக் கருவிகளும் வீணா என்று கேட்கலாம். இல்லை. இ.எஸ்.சி. எனப்படும் மின்னணு நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு அன்றாட ஓட்டத்தில் எந்தத் தைரியத்தையும் ஊட்டுவதில்லை. கார் வழி தவறிச் சறுக்கத் தொடங்கும் கணத்தில் மட்டும் தேவையான சக்கரத்தைத் தனியாகப் பிரேக் பிடித்து மீட்கிறது. தனி வாகன மரண விபத்துகளை அது ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வுகள் கண்டன. அந்நாட்டில் 2012 மாடல் கார்களிலிருந்து அது கட்டாயம். நம் பாரத் என்கேப் மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற இ.எஸ்.சி. வேண்டும், ஆல் வீல் டிரைவுக்கு அங்கே மதிப்பெண் எதுவும் கிடையாது.

வேகக் கார்களில் ஆல் வீல் டிரைவ் புகழ்பெற்ற கதையை நினைவில் வைத்தால் இன்னும் தெளிவாகும். 1970களின் இறுதியில் பின்லாந்தின் பனிச் சாலைகளில் சோதனை நடந்தபோது, இல்டிஸ் என்ற எளிய ராணுவ ஜீப் தங்களின் சக்திமிக்க கார்களைவிட லாகவமாகப் போவதை ஆடி பொறியாளர்கள் கவனித்தார்கள். அதிலிருந்து உருவான, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஆடி குவாட்ரோ 1980 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, ராலி பந்தயங்களின் போக்கையே மாற்றியது. பனியிலும் மண்ணிலும் இழுவையே பெரும் பிரச்சினை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் திருப்பூரில் நகர முடியாமல் சக்கரம் சுழன்று நின்ற கார் அபூர்வம். நிற்க முடியாமல் போன கார்தான் செய்தியாகிறது. அதே ஆடி நிறுவனத்தின் டி.டி. காரையும் பாருங்கள். 1998-இல் வந்த முதல் தலைமுறை டி.டி., ஜெர்மனியின் ஆட்டோபான்களில் மிகுவேகத்தில் திடீரெனத் தடம் மாற்றும்போது பின்பக்கம் சறுக்கி உயிர்ப்பலி வாங்கியது. குவாட்ரோ ரகம் இருந்தும் அது காப்பாற்றவில்லை. நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து சஸ்பென்ஷனை மாற்றியது, பின்புறம் சிறு ஸ்பாய்லர் வைத்தது, இ.எஸ்.சி. சேர்த்தது. தீர்வு எங்கே தேடப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

எதிர்வாதங்களில் வலுவானவை இரண்டு. சென்னை அருகே ஒருங்கிணைத்துத் தயாரிக்கப்படும் பி.எம்.டபிள்யூ எம்340ஐ போன்ற கார்களின் சக்தியை வெறும் பின்சக்கரங்களுக்குக் கொடுத்தால், ஈர வளைவிலிருந்து வெளிவரும்போது சற்று அதிகம் அழுத்திய கால் காரைச் சுழற்றிவிடாதா? சுழற்றும், அந்த அளவு சக்திக்கு நான்கு சக்கர இழுவை நியாயமான பொறியியல்தான். ஆனால் அது அதிக சக்தியால் வந்த ஆபத்துக்கான மருந்து. குறைந்த சக்தியுள்ள கார் அந்த ஆபத்திலேயே இல்லை. இரண்டாவது, காங்கேயம், தாராபுரம் பக்கத்து இருவழிச் சாலைகளில் லாரியை முந்தும்போது எதிர்த் தடத்தில் இருக்கும் நேரம் குறையுமே என்பது. சக்தியால் குறையும், உண்மை. ஆனால் காய்ந்த சாலையில் 80 கி.மீ. தாண்டிய பிறகு கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் 265 குதிரைத்திறனை முன்சக்கரங்கள் இரண்டுமே பெரும்பாலும் தாங்கிவிடும். அந்த வேகத்தில் தடை எஞ்சினின் சக்திதான், டயரின் பிடிமானம் இல்லை. முந்துவதற்கு வேண்டிய வசதியை ஆல் வீல் டிரைவின் கணக்கில் எழுதுவது தவறு.

எடையும் கவனத்துக்கு உரியது. சீல் பெர்ஃபார்மன்ஸ் 2,185 கிலோ. கோல்ஃப் சுமார் ஒன்றரை டன். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். ஆளும் சாமானுமாக 2,300 கிலோ கார் இறங்கினால் கிட்டத்தட்ட 12 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எங்காவது கரைத்தாக வேண்டும். பெட்ரோல் காரில் தாழ்ந்த கியரில் எஞ்சின் கொஞ்சம் உறிஞ்சும். மீதி பிரேக் தட்டுகளின் சூடாகும். இங்கே இரட்டை மோட்டார் மின்சாரக் கார் உண்மையிலேயே மேலானது, சுமை மிகுந்த முன்சக்கரங்களிலும் மோட்டாரே பிரேக்காகி, ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்புகிறது. மலையுச்சியிலேயே முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் மட்டும் திருப்பி வைக்க இடம் இருக்காது.

ஆக, வாங்கும்போது பணமும் கவனமும் போக வேண்டிய இடம் டயரும் பிரேக்கும் இ.எஸ்.சி.யும் மோதல் சோதனை முடிவும்தான். நான்கு சக்கர இழுவை அவற்றுக்குப் பிறகு வரட்டும். கோல்டுவின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரையிலான புதிய மேம்பாலத்தில் நேர்கோட்டில் ஓட்டிப் பார்ப்பது முடுக்கத்தை மட்டுமே காட்டும். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பயிற்சியாளர் துணையுடன் அங்கே முழு பிரேக், தடம் மாற்றல் இரண்டையும் உணர்ந்த பிறகு காசோலை எழுதலாம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கம், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். ஷோரூமில் நெடுநாள் நின்ற காரா என்று அதில் தெரிந்துவிடும். ஆல் வீல் டிரைவையே தேர்ந்தெடுத்தால், நான்கு டயர்களின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாக வேண்டும். தேய்ந்த மூன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால், ஒரே எஞ்சினின் இழுவையை முன்னும் பின்னும் பகிரும் கார்களில் அதற்கான கிளட்சும் கியர்களும் ஓயாமல் உரசித் தேயும். பல்லடம் ரோட்டில் ஒரு குழி ஒரு டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் இரண்டையோ நான்கையோ மாற்ற நேரலாம். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டு வழுவழுப்பான டயரோடு ஐப்பசி மழைக்குள் நுழையும் ஆல் வீல் டிரைவ் காரைவிட, புது டயர் போட்ட சாதாரண முன்சக்கரக் கார் அவினாசி நெடுஞ்சாலையில் சீக்கிரம் நிற்கும்.